அனாதை அலை

ஜப்பான் தேசத்தின் வடகிழக்குக் கரையில் குவாகசாகி என்று ஒரு மீன்பிடி கிராமம் இருந்தது. இப்போது அது மியாகோ என்னும் பட்டணத்தோடு சேர்ந்துவிட்டது. கி.பி. 1700-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 27-ஆம் தேதி. குளிர்காலம். நடு இரவு. சொல்லாமல் கொள்ளாமல் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. பதின்மூன்று வீடுகளை அலை வாரிக்கொண்டு போயிற்று. ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு மேட்டை நோக்கி ஓடினார்கள். அந்தக் கலவரத்தில் எந்த வீட்டு அடுப்பு சரிந்ததோ, எந்த விளக்கு கவிழ்ந்ததோ, தீப்பற்றிக்கொண்டு இன்னும் இருபது வீடுகள் எரிந்து போயின. ஒரே இரவில் தண்ணீராலும் நெருப்பாலும் ஓர் ஊர் அழிவதென்றால் அதை என்னவென்று சொல்வது! அதிகாரிகள் வீடிழந்தவர்களுக்கு அரிசி அளந்தார்கள்; குடிசை போட மரம் வேண்டுமென்று எழுதினார்கள். அந்த எழுத்து இன்னமும் இருக்கிறது.

அந்த ஓர் ஊரோடு விஷயம் முடியவில்லை. தெற்கே நாக்காமினாட்டோ துறைமுகத்துக்கு அரிசி ஏற்றி வந்த கப்பல் ஒன்று, கொந்தளிப்பால் உள்ளே நுழைய முடியாமல் வெளியே நின்று, கடைசியில் பாறையில் மோதி உடைந்தது. அரிசியெல்லாம் கடலில் போயிற்று. மாலுமிகள் இருவர் இறந்தார்கள். இன்னும் தெற்கே தனாபே என்ற ஊரில் கடல் நீர் கோட்டை அகழியில் ஏறி, அரசாங்கக் களஞ்சியத்துக்குள் புகுந்தது. வயல்களில் உப்புத் தண்ணீர் பாய்ந்தது. உப்புக் காய்ச்சும் அடுப்புகள் பாழாயின. மிஹோ என்ற கிராமத்தின் தலைவர், நம் ஊர் மணியக்காரர் போன்றவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஜனங்களை உயரமான இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, நடந்ததை எழுதி வைத்தார். எழுதும்போது அவருக்கு ஒரு பெரிய சங்கடம். இதற்கு என்ன பெயர் கொடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

சுனாமி என்ற வார்த்தையை உலகத்துக்கே கொடுத்தவர்கள் ஜப்பானியர். ஆனால் அவர்கள் கண்ட அனுபவத்தில் சுனாமி என்பது பூகம்பத்தின் பிள்ளை. முதலில் தரை ஆடும். பிறகு கடல் வரும். தரை ஆடியவுடன் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த பாடம். இந்தத் தடவை தரை ஆடவே இல்லை. புயலும் இல்லாமல் பூகம்பமும் இல்லாமல் இப்படி ஒரு கடல் வருமா? மிஹோ மணியக்காரர் வியந்துகொண்டே எழுதினார். அவரைப் போலவே வேறு ஊர்களில் வியாபாரிகளும் குமாஸ்தாக்களும் எழுதி வைத்தார்கள். சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையோர ஊர்களில் இப்படி ஏடுகள் கிடைக்கின்றன. பிற்காலத்து ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இந்த ஏடுகளைத் தொகுத்து வைத்துக்கொண்டு, தாய் யாரென்று தெரியாத இந்த அலையைப் பற்றி நெடுநாள் யோசித்தார்கள். அனாதை அலை என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

தாய் வேறொரு கரையில் இருந்தாள். பசிபிக் மகாசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம், ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் அந்தக் கரையில் அப்போது எழுத்தில்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவின் வட கோடியிலிருந்து ஆரெகான், வாஷிங்டன் ராஜ்யங்களைக் கடந்து கனடாவின் வான்கூவர் தீவு வரையில் உள்ள பகுதியைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்பெயின் தேசத்து மாலுமி ஹுவான் பெரெஸ் 1774-இல்தான் அந்தப் பக்கம் கப்பலோட்டி வந்தார். கேப்டன் குக் 1778-இல் வந்தார். அதற்கு முன்னால் அங்கே நடந்தது எதுவும் ஏட்டில் ஏறவில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த மக்கா, ஹூ-அய்-அட் முதலிய பழங்குடியினர் கதைகளாகச் சொல்லி வைத்திருந்தார்கள். கதையைச் சாட்சியாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் படித்தவர்களிடம் இருந்ததில்லை.

ஏட்டில் இல்லாததால் நடக்கவும் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். இந்தக் கரைக்கு எதிரே கடலடியில் பூமியின் ஒரு தட்டு, வருஷத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வீதம் கண்டத்தின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த இடத்துக்குக் கஸ்கேடியா என்று பெயர். இப்படி ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழைகிற இடங்களில்தான் உலகத்தின் மிகப் பெரிய பூகம்பங்கள் உண்டாகின்றன. ஆனால் இங்கே மட்டும், வெள்ளைக்காரர் வந்த இருநூறு வருஷத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே இங்கே தட்டு எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, பயமில்லை என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின்மேல் சியாட்டில், போர்ட்லண்ட் போன்ற பட்டணங்கள் எழும்பின. பாலங்களும் பள்ளிக்கூடங்களும் கட்டப்பட்டன. வாஷிங்டன் ராஜ்யத்தில் சாட்சாப் என்ற இடத்தில் அணுமின் நிலையங்கள் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றதும் இந்தக் கரைக்குப் பக்கத்தில்தான்.

1984-ஆம் வருஷம் ஹீட்டன், கனமோரி என்ற இரண்டு பூகம்ப சாஸ்திரிகள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கஸ்கேடியாவின் லட்சணங்களை உலகத்தின் மற்ற இடங்களோடு பொருத்திப் பார்த்தால், அது தெற்குச் சிலி தேசத்துக் கரையைப் போல் இருக்கிறது என்றார்கள். தெற்குச் சிலியில் 1960-இல் என்ன நடந்தது என்று அந்தத் துறையில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருவிகள் அளந்து வைத்திருக்கும் பூகம்பங்களிலேயே பெரியது அதுதான், அளவு 9.5. ஆனால் ஒன்று இன்னொன்றைப் போல் இருக்கிறது என்பது சாட்சியமாகாது. ஜாதகப் பொருத்தம் பார்த்த கதைதான். நடந்ததா இல்லையா என்பதுதானே கேள்வி?

இந்த இடத்தில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கூடத்தில் ஒரு கோரைப்பாயை விரித்து, அதன் ஓர் ஓரத்தைச் சுவரோடு அணைத்து வையுங்கள். மறு ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுவர்ப் பக்கம் தள்ளுங்கள். பாயின் நடுவே ஒரு மேடு கிளம்பும். கையை எடுத்துவிட்டால் ஓரம் விசுக்கென்று உங்கள் பக்கம் நீளும்; மேடு படிந்துவிடும். கடலடியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கீழே நுழைகிற தட்டு மேலுள்ள தட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான வருஷங்கள் இழுத்துக்கொண்டே போகிறது. அப்போது விளிம்புக்குப் பின்னால் உள்ள கரைப் பிரதேசம் யாருக்கும் தெரியாமல் மெல்ல உயருகிறது. பிடி ஒரு நாள் நழுவும். விளிம்பு துள்ளிக் கடலைத் தூக்கிவிடும்; அதுதான் சுனாமி. அதே நிமிஷங்களில் கரை பொத்தென்று இறங்கிவிடும். கடல் மட்டம் ஏறவில்லை; நிலம் தாழ்கிறது. கரையில் நிற்கிற மரத்துக்கோ புல்லுக்கோ இரண்டும் ஒன்றுதான். நேற்று வரையில் காலில் படாத உப்புத் தண்ணீர் இன்று இடுப்பளவு வந்து நிற்கிறது.

1964-இல் அலாஸ்காவில் பூகம்பம் உண்டானபோது போர்டேஜ் என்ற ஊர் இப்படித்தான் சுமார் இரண்டு மீட்டர் தாழ்ந்து போயிற்று. காட்டு மரங்கள் நின்ற நிலையில் பட்டுப்போயின; ஓதம் கொண்டுவந்த வண்டல் அவற்றின் அடியை மூடியது. நமக்கு அலாஸ்கா வரை போக வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நம் கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன அந்த அலைக்குக் காரணமான பூகம்பம், நிக்கோபார் தீவுகளையும் அமிழ்த்தியது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனையில் தரை நாலேகால் மீட்டர் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகத்தைக் கடல் சூழ்ந்துகொண்டது. கரையோரக் காடுகள் உப்புநீரில் நின்றபடியே காய்ந்தன.

ஆக, கஸ்கேடியாவிலும் முன்னொரு காலத்தில் பெரும் பூகம்பம் நடந்திருந்தால், அமிழ்ந்த நிலம் எங்கேயாவது சேற்றுக்குள் இருக்க வேண்டும். அதைத் தேடிப் போனவர் பிரையன் அட்வாட்டர் என்ற பூகர்ப்ப சாஸ்திரி. அமெரிக்க அரசாங்கத்தின் நிலவியல் இலாகாவில் வேலை. 1986-இல் அவர் வாஷிங்டன் ராஜ்யத்தின் வடமேற்கு மூலையில் நேயா பே என்ற ஊருக்கு அருகே, வாட்ச் ஆற்றின் சதுப்பு நிலத்தில் தோண்டினார். பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. மண்வெட்டிதான். மேலே சேறு. அதன் கீழே மெல்லிய மணல் படலம். மணலுக்குக் கீழே, முன்பு தரைமட்டமாக இருந்த ஒரு புல் நிலம். புல்லின் தாளும் வேரும் அப்படியே. பிறகு தெற்கே வில்லப்பா விரிகுடாவின் கழிகளில் சிறு தோணியில் திரிந்து, நீர் வற்றிய வேளைகளில் ஆற்றங்கரையைச் சுரண்டிப் பார்த்தார். அங்கேயும் அதே அடுக்கு. ஒன்றல்ல, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல. 1987-இல் அவர் எழுதிய கட்டுரையில், கடந்த ஏழாயிரம் வருஷங்களில் குறைந்தது ஆறு தடவை பசுமையான தாழ்நிலங்கள் சேற்றில் புதைந்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் நிலம் அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரையில் திடீரென்று தாழ்ந்திருக்கலாம் என்று சொன்னார்.

'திடீரென்று' என்ற அந்த ஒரு சொல்லில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருந்தது. ஏனென்றால் புல் நிலம் சேற்றில் புதைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பனி யுகம் முடிந்து உறைந்த பனியெல்லாம் உருகியதில் உலகத்துக் கடல்கள் 120 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கின்றன. அப்படிக் கடல் மெல்ல மெல்ல ஏறினாலும் புல் நிலம் மூழ்கும். மேலே சேறு படியும். ஆற்று முகத்தில் மணல் திட்டு உடைந்தாலும் உப்பங்கழியின் போக்கு மாறும். புயலும் மணலை வாரிப் போடும். செத்த மரங்களையும் மண் அடுக்கையும் பார்த்துவிட்டுப் பட்டணங்களின் கட்டடச் சட்டங்களையெல்லாம் மாற்றச் சொன்னால் யார் கேட்பார்கள்? நிலம் எவ்வளவு தாழ்ந்தது, எத்தனை சீக்கிரத்தில் தாழ்ந்தது, மணல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும்.

சாட்சி சேற்றிலேயே இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடல் மண்ணில் மிகச் சிறிய ஓடுகள் கிடக்கின்றன என்பது பழைய சங்கதி. எகிப்துப் பிரமிடுகளின் கல்லில் பருப்பு வடிவத்தில் வட்ட வட்டமாகச் சில்லுகள் தெரியும். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் அங்கே போன ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர், அவை பிரமிடு கட்டிய கூலியாட்கள் தின்று மீந்த பருப்பு, காலத்தால் கல்லாகிவிட்டது என்று ஊரார் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார். உண்மையில் அவை பூர்வ காலத்துக் கடலில் வாழ்ந்த ஒற்றை உயிரணு ஜீவன்களின் ஓடுகள். அந்த வமிசத்தில் அவை ராட்சதர்கள். மற்றவை பெரும்பாலும் மணற்பருக்கை அளவுதான். பிரெஞ்சுக்காரரான டோர்பிக்னி, லா ரொஷேல் பக்கத்துக் கடற்கரையில் பிள்ளைப் பிராயம் முதல் இந்த ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தவர். 1826-இல் அவற்றுக்கு ஃபோராமினிஃபெரா என்று பெயர் வைத்தார். பெர்லினில் ஏரன்பர்க் என்பவர், டயாட்டம் என்னும் இன்னும் நுண்ணிய நீர்ப்பாசிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் படமாக வரைந்தார். இந்தப் பாசி உயிரோடு இருக்கும்போதே தன்னைச் சுற்றிக் கண்ணாடி போன்ற சிலிக்கா டப்பி ஒன்று செய்துகொள்கிறது. மூடியும் கிண்ணமுமாக, நம் வீட்டுக் குங்குமச் சிமிழ் மாதிரியே இருக்கும். மேலே புள்ளியும் கோடுமாக இழைக்கப்பட்ட வேலைப்பாடு. பாசி செத்தாலும் டப்பி அழிவதில்லை. ஏரன்பர்க் காலத்தில் இதையெல்லாம் பார்த்தவர்கள் படைப்பின் அழகு என்று வியந்தார்கள். அதற்கு ஓர் உபயோகம் உண்டென்று அன்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த ஜீவன்களுக்கு ஒரு குணம். தத்தம் உயரத்தை விட்டு நகர்வதில்லை. உப்பங்கழியின் ஓரத்தில் நின்று பாருங்கள். கீழே எப்போதும் நனைந்திருக்கும் சேறு; சற்று மேலே நாளுக்கு இரண்டு தடவை ஓதம் ஏறி இறங்கும் புல்; அதற்கும் மேலே மாதத்தில் சில நாள் மட்டும் தண்ணீர் எட்டிப் பார்க்கும் மேட்டுப் புல்; பிறகு காடு. நம் கண்ணுக்கு நாலு பட்டைதான். சேற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்கோ ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தெரு. உப்பு எவ்வளவு தாங்கும், வெயிலில் எத்தனை நேரம் காயலாம் என்பதற்குத் தக்கபடி ஒவ்வோர் இனமும் தன் தெருவில் குடியிருக்கும். கனடாவில் ஸ்காட், மெடியோலி என்ற இருவர் 1978-இல் இதை அளந்து காட்டினார்கள். சதுப்பு நிலத்தின் மேல் விளிம்பில் ஒருவகை ஃபோராமினிஃபெரா மட்டுமே குவிந்திருக்கும். அதைக் கண்டால் அந்த மண் உண்டானபோது கடல் மட்டம் எங்கே இருந்தது என்று சில சென்டிமீட்டர் பிசகாமல் சொல்லிவிடலாம் என்றார்கள். மக்கிய புல்லின் புளிப்பு சுண்ணாம்பு ஓடுகளைக் கரைத்துவிடும் என்பதால், இந்த மேட்டுவாசிகள் மணல் துணுக்குகளையே பசை போட்டு ஒட்டி வீடு கட்டிக்கொள்கின்றன. அந்த வீடுகள் ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கெடாமல் கிடக்கும்.

வில்லப்பா விரிகுடாவில் கலக்கும் நியாவியாகும் என்ற சிற்றாற்றின் கரை மண்ணை எடுத்து, அதிலுள்ள டயாட்டங்களை ஆராய்ந்தவர் ஐலீன் ஹெம்ஃபில்-ஹேலி என்ற பெண்மணி. இந்த வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கரையிலிருந்து மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக மண் எடுக்க வேண்டும். மருந்து விட்டு இலை தழை மக்குகளையெல்லாம் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட வேண்டும். ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு தகட்டிலும் நூற்றுக்கணக்கான டப்பிகளை இனம் பிரித்து எண்ண வேண்டும். பாதி உடைந்திருக்கும், உடைந்த துண்டைப் பார்த்து இன்ன இனம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், இன்றைய கழியில் எந்த உயரத்தில் எது வாழ்கிறது என்று அதே போல் எண்ணி வைத்திருக்க வேண்டும். கல்யாண வீட்டில் அரிசியில் கல் பொறுக்குகிற பாட்டிமாரின் பொறுமை வேண்டும். அந்தப் பாட்டிமார்களுக்காவது பேச்சுத் துணை உண்டு.

1995-இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். புதைந்த புல் நிலத்தில் இருந்தவை மேட்டு டயாட்டங்கள். அபூர்வமாகவே கடல்நீர் பட்டு, காய்ச்சலைத் தாங்கி வாழ்பவை. அதற்கு மேலிருந்த சேற்றில் அவை இல்லை. அங்கே இருந்தவை நாள்தோறும் கடல்நீரில் நனையும் சேற்றுவெளியில் வாழ்பவை. இடைப்பட்ட தெருக்களில் குடியிருக்க வேண்டியவர்கள் நடுவில் எங்கும் காணோம்! கடல் மெல்ல ஏறியிருந்தால் மேட்டுவாசிகள் குறைய, நடுத் தெருக்காரர்கள் வந்து, பிறகுதான் பள்ளத்துக்காரர்கள் வந்திருப்பார்கள். பல வருஷத்து வரலாறு படிப்படியாக எழுதப்பட்டிருக்கும். இங்கே அப்படி எழுதப்பட்டிருக்கவில்லை. புஸ்தகத்தில் பக்கங்களைக் கிழித்தது போல் ஒரு தாவல். அதே மண்ணில் சேற்றிலிருந்து இன்றைய புல் நிலம் வரையில் மேலே பார்த்துக்கொண்டு வந்தால், அங்கே மட்டும் படிகள் ஒழுங்காக இருக்கின்றன. வண்டல் படியப்படிய நிலம் மெல்ல உயர்ந்து பழையபடி மேடாயிற்று. ஆக, இறங்கியது ஒரே மூச்சில், ஏறியது நிதானமாக.

மணல் படலமும் வாய் திறந்தது. அதில் இருந்தவை மணற்பருக்கைகளில் ஒட்டி வாழும் டயாட்டங்கள். அவற்றின் இடம் விரிகுடாவின் திறந்த மணல்வெளி. ஆற்று வெள்ளம் கொண்டுவந்த மணலானால் அதில் நன்னீர்ப் பாசிகள் இருக்க வேண்டும். கடல் பக்கத்திலிருந்துதான் அந்த மணல் ஆற்றின் மேலே ஏறி வந்திருக்கிறது. மணலுக்குள் நின்றவாக்கில் புதைந்த புல் தாள்கள் அழுகாமல் இருந்ததால், நிலம் இறங்கியதும் அலை வந்ததும் அடுத்தடுத்து என்பதும் தெரிந்தது. புயல் மணலைக் கொண்டுவரும். ஆனால் எந்தப் புயலும் நாட்டை ஒன்றரை மீட்டர் அமிழ்த்துவதில்லை.

இங்கே அந்தப் பழங்குடிக் கதைக்குத் திரும்ப வேண்டும். 1864-ஆம் வருஷம் ஜனவரி மாதம் நேயா பேயில் ஜேம்ஸ் ஸ்வான் என்ற வெள்ளைக்காரர் மக்கா ஜனங்களிடையே வசித்துக்கொண்டு நாட்குறிப்பு எழுதி வந்தார். பில்லி பால்ச் என்ற மக்கா தலைவர் ஒருநாள் அவரிடம் ஒரு விஷயம் சொன்னார். வெகு காலத்துக்கு முன்பு, ஆனால் புராண காலமல்ல, கடல் நேயா பேயிலிருந்து கிளம்பி வாட்ச் வெளி வழியாக ஓடிற்று, முனை தீவாகிவிட்டது, பிறகு தண்ணீர் வற்றி மறுபடியும் ஏறிற்று, தோணிகள் மரங்களின்மேல் வந்து விழுந்து உடைந்தன, பல பேர் மாண்டார்கள். ஸ்வான் எழுதிக்கொண்டார். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் அது ஒரு விநோதமான கர்ணபரம்பரைக் கதையாகவே கிடந்தது. அட்வாட்டர் மணல் படலத்தைத் தோண்டி எடுத்த வாட்ச் சமவெளி, பில்லி பால்ச் சொன்ன அதே வாட்ச் வெளிதான். கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இதில் ஒரு திருப்தி இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை.

எப்போது நடந்தது? கார்பன் முறையில் கணக்கிட்டபோது 1700-ஐ ஒட்டிய சில பத்து வருஷங்கள் என்று வந்தது. அந்த முறைக்கு அதற்குமேல் கூர்மை கிடையாது. அதிலிருந்து புதிய சண்டை கிளம்பிற்று. ஆயிரம் கிலோமீட்டர் கரையும் ஒரே நாளில் இறங்கியதா, அல்லது சில பத்து வருஷங்களுக்குள் இன்று இங்கே, அப்புறம் அங்கே என்று துண்டு துண்டாக இறங்கியதா? ஒரே தடவை என்றால் பூகம்பத்தின் அளவு 9. துண்டு துண்டாக என்றால் 8. ஓர் எண்தான் வித்தியாசம் என்று எண்ண வேண்டாம். வெளிப்படும் சக்தியில் முப்பது மடங்கு. இந்தக் கேள்விக்கு டயாட்டங்களிடம் பதிலில்லை. அவை உயரத்தை அறியும், தேதியை அறியா.

பதில் ஜப்பானில் பெட்டிகளில் இருந்தது. கெஞ்சி சடாகேயும் அவருடைய தோழர்களும் அனாதை அலையின் ஏடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் நீர் எந்த உயரம் வந்தது என்று கணக்கிட்டார்கள். இது தென் அமெரிக்காவிலிருந்து வந்ததா என்று பார்த்தார்கள். அங்கே அந்தச் சமயத்தில் அப்படிப்பட்ட பூகம்பம் பதிவாகவில்லை. அலாஸ்கா, கம்சட்கா என்று வைத்துப் பார்த்தால் அலையின் உயரங்கள் பொருந்தவில்லை. கஸ்கேடியா என்று வைத்தபோது பொருந்திற்று. சமுத்திரத்தைக் கடக்கச் சுமார் பத்து மணி நேரம். ஆகவே அமெரிக்கக் கரையில் பூகம்பம் உண்டானது 1700 ஜனவரி 26-ஆம் தேதி இரவு ஒன்பது மணி சுமாருக்கு. அத்தனை தூரம் கடந்தும் வீடுகளை அடித்துச் செல்லும் வலு அலைக்கு இருந்ததென்றால் பூகம்பம் 9-க்குக் குறைந்திருக்க முடியாது. 1996 ஜனவரியில் இதை வெளியிட்டார்கள்.

அமெரிக்காவில் சிலர் உடனே மரங்களிடம் போனார்கள். கோபாலிஸ் ஆற்றோரத்தில் செந்தேவதாரு மரங்கள் மூன்று நூற்றாண்டாகச் செத்தும் விழாமல் வெளுத்து நிற்கின்றன. பேய்க் காடு என்று அதற்குப் பெயர். டேவிட் யமாகுச்சி என்ற மரவளைய ஆராய்ச்சியாளர், அட்வாட்டரோடு முன்பே அங்கே போனவர். மேல்மரம் மழையிலும் காற்றிலும் தேய்ந்து போயிருந்ததால் கடைசி வளையம் கிடைக்கவில்லை. பின்னால் சேற்றில் புதைந்த வேர்களைத் தோண்டினார்கள். வேரில் பட்டை அப்படியே இருந்தது. கடைசி வளையம் 1699-ஆம் வருஷத்தியது. அந்த வருஷத்து வளர்ச்சி முடிந்திருக்கிறது. அடுத்த வருஷத்து வளர்ச்சி தொடங்கவே இல்லை. 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் நடுவே மரங்கள் மாண்டிருக்கின்றன. ஜப்பானிய மணியக்காரரின் தேதி அதற்குள் விழுகிறது.

வான்கூவர் தீவில் பச்சினா விரிகுடாவில் ஹூ-அய்-அட் ஜனங்களின் ஊர் ஒன்று இருந்தது. அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான லூயி நூக்மிஸ் 1964-இல் சொன்ன கதையில், ராத்திரி வேளையில் நிலம் ஆடிற்று, பிறகு கடல் வந்தது, தாழ்ந்த இடத்தில் இருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை, மேட்டில் இருந்தவர்கள் தப்பினார்கள் என்று இருக்கிறது. ராத்திரி வேளை! இதை அவர் சொன்னது சடாகே கணக்குப் போடுவதற்கு முப்பத்திரண்டு வருஷம் முன்பு.

இத்தனையும் பழைய கதை என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம், நியாவியாகும் கரையில் புதைந்த புல் நிலங்கள் பல இருப்பதுதான். கடந்த 3500 வருஷங்களில் ஏழு என்று எண்ணியிருக்கிறார்கள். சராசரி இடைவெளி ஐந்நூறு வருஷம். ஆனால் சராசரியை நம்பி உறங்க முடியாது. ஓரிரு நூற்றாண்டிலும் வந்திருக்கிறது, ஆயிரம் வருஷம் கழித்தும் வந்திருக்கிறது. கடைசியாக வந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது ஃபோராமினிஃபெராவை எண்ணி, கரையின் ஒவ்வொரு பகுதியிலும் 1700-இல் நிலம் எவ்வளவு தாழ்ந்தது என்று அளந்து வருகிறார்கள். அரை மீட்டர் தாழ்ந்த இடமும் உண்டு. அதைப் போல் மூன்று நான்கு மடங்கு தாழ்ந்த இடமும் உண்டு. எங்கே தட்டு அதிகம் வழுக்கிற்று, எங்கே கொஞ்சம் வழுக்கிற்று என்று அதிலிருந்து ஊகிக்கிறார்கள்.

மண்ணில் படித்ததை ஊரார் காதில் ஏற்றுவதற்கு எத்தனை நாளாகும் என்பதற்கும் ஜப்பானே உதாரணம். கி.பி. 869-இல் செண்டாய் சமவெளியில் ஒரு பெரிய சுனாமி உள்நாட்டில் வெகு தூரம் வந்ததென்று பழைய சரித்திர நூலில் இருக்கிறது. அது விட்டுப்போன மணல் படலத்தை 2011-க்குப் பல வருஷம் முன்பே தோண்டிப் பார்த்து, ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எழுதியிருந்தார்கள். கரையோரச் சுவர்கள் அந்த அளவுக்குக் கட்டப்படவில்லை. 2011 மார்ச் 11-ஆம் தேதி கடல் வந்தது. மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் பதினெட்டாயிரத்துக்கு மேல். 1700-இல் நடு இரவில் அலை புகுந்த குவாகசாகியும் அதில் ஒன்று.

கஸ்கேடியாவின் கரையில் அலை வரப் பத்து மணி நேரம் ஆகாது. பூகம்பத்துக்கும் அலைக்கும் நடுவே கால் மணியோ அரை மணியோதான் கிடைக்கும். வாஷிங்டன் ராஜ்யத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊர் கடலுக்கும் விரிகுடாவுக்கும் நடுவே தட்டையான மணல் நாக்கில் இருக்கிறது. ஓடிப் போய் ஏற ஒரு மேடு கிடையாது. அந்த வட்டாரத்து ஜனங்கள் 2013-இல் ஓட்டுப் போட்டு, தங்கள் வரிப் பணத்தில் ஒகோஸ்டா ஆரம்பப் பள்ளிக்கூடத்தை மறுபடி கட்டச் சம்மதித்தார்கள். 2016-இல் அது திறக்கப்பட்டது. நாலு மூலையிலும் கெட்டியான படிக்கட்டுக் கோபுரங்கள். அவற்றில் ஏறினால் தேகப்பயிற்சிக் கூடத்தின் மொட்டை மாடி. குழந்தைகளும் அக்கம்பக்கத்தாருமாக ஆயிரம் பேர் அங்கே நிற்கலாம்.